லீவுக்காகச் செத்தவர்கள்

அந்தப் பிள்ளை தொலைபேசியில் அழுவதை ஒரு காலையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு கையால் ரிசீவரைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதாள். மற்றக் கையில் பாலில் தோய்த்த பிஸ்கட் இருந்தது. மறுமுனையில் யாரோ ஒரு சிஞ்ஞோரா, வேலை வீட்டு எசமானி, ஆறுதல் சொல்லும் இடைவெளி பார்த்து அதை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். விழுங்கியதும் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ரிசீவரை வைத்த பிறகு கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. துடைக்கக் கண்ணீர் வந்திருந்தால்தானே. சுற்றி நின்ற பெரியவர்கள் கைதட்டாத குறை. "என்ன மாதிரிக் கெட்டிக்காரி, பாத்தியளே அக்கா?" என்று அவளின் தாய் என்னிடம் கேட்டாள். பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் ஒரேத்தோத் தெருப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். பெரிய வீடு ஒன்றை வீட்டுக்காரன் பலகையால் மறித்து இரண்டாக்கியிருந்தான். பெரிய பாதியில் அந்தப் பிள்ளையும் தாயும் தகப்பனும், தாயின் தமையனும் இருந்தார்கள். சின்னப் பாதியில் நான் தனியாக. குசினியும் தொலைபேசியும் பொது. தமையன்தான் முதலில் இத்தாலிக்கு வந்தவர். தங்கச்சி குடும்பத்தைக் கூப்பிட்டதும் அவர், பெர்மேசோ என்கிற தங்கும் அனுமதிக்கு ஓடித் திரிந்ததும் அவர், அந்தத் தெருவில் இருந்த எங்கள் சனத்துக்கெல்லாம் வீட்டுவேலை பிடித்துக் கொடுத்ததும் அவர். அதனால் எல்லாருக்கும் அவர் அண்ணை. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிச் சாமிப்படத்துக்கு முன்னால் உருகி உருகிப் பாடுவார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. பாடி முடித்த வாயோடு தொலைபேசியடிக்கு வந்து, அன்றைக்கு யாருக்கு யாரைக் கொல்ல வேண்டும் என்று கேட்பார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் லீவு எடுப்பது என்றால் அதுதான் முறை. நாப்போலியில் ஒரு சாமத்திய வீடு வரும், கத்தானியாவில் ஒரு கலியாணம் வரும், அல்லது ஒருவருக்கு இரண்டாவது வேலை ஒன்று அகப்பட்டு முதல் வேலையை ஒரு நாள் ஏய்க்க வேண்டியிருக்கும். வேலை வீட்டுக்கு என்ன சொல்வது? அண்ணையிடம் இதற்கு ஒரு சித்தாந்தமே இருந்தது.

"காய்ச்சல் எண்டால் டொக்டரின்ரை துண்டு கேப்பினம். பஸ் வரேல்லை எண்டால் பிந்தியெண்டாலும் வா எண்டுவினம். செத்தவீடு எண்டு சொன்னால் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டினம்."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்களை வேலைக்கு வைத்திருந்த வீடுகளையும் நான் நல்ல வீடுகள் என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் தாய் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைக்கச் சொல்பவள். தாயின் பெயர் வாயில் வரவில்லையென்று தன் வாய்க்கு வசதியான வேறொரு பெயரை வைத்துக் கூப்பிட்டாள். வேலைக்காரிக்குக் காய்ச்சல் வரும் என்பதையே நம்பமாட்டாள். அப்படிப்பட்ட வீடுகளில் எங்கள் ஆட்களின் சாவுக்கு மட்டும்தான் மரியாதை கிடைத்தது. அந்த மரியாதையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கண்டுபிடித்ததைப் பிள்ளையின் கையில் கொடுத்ததைத்தான் என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். எனக்கு இத்தாலிய மொழி ஓரளவு வரும். நான் பார்த்துக்கொண்ட கிழவி ஓய்வுபெற்ற ஆசிரியை, காது மந்தம். அவளிடம் கத்தித்தான் பேச வேண்டும், பிழையாகக் கத்தினால் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வாள். அப்படி வளர்ந்த இத்தாலியன் என்னுடையது. மற்றவர்களுடையது குசினி இத்தாலியன். சட்டி, துடைப்பம், நாளைக்கு வா, இஸ்திரி போடு. அதோடு சரி. "நீர் ஒருக்கால் போன் பண்ணிச் சொல்லுமன்" என்று அண்ணை கேட்டபோது, "ஆற்றையோ அப்பாவை என்ரை வாயாலை கொல்ல எனக்கு ஏலாது அண்ணை" என்று சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த கிழமை பிள்ளையைக் கூப்பிட்டுக் கதிரையில் ஏற்றி உட்காரவைத்தார்.

பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறவள். சிசிலிக்காரப் பிள்ளைகளைப் போலவே இழுத்து இழுத்துப் பேசுவாள். பெரியவர்களின் பேச்சில் வரும் சந்தேகம் பிள்ளையின் பேச்சில் வராது என்று அண்ணை கணக்குப் போட்டார், கணக்குச் சரியாகவும் இருந்தது. முதல் தரம் அவள் தடுமாறினாள், ரிசீவரை வைத்துவிட்டுத் தாயின் சேலைக்குள் முகத்தை ஒளித்தாள். அதற்காக ஏசினார்கள். அடுத்த முறை தடுமாறவில்லை, அதற்குச் சொக்கிளேற் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு அழச் சொல்லிக் கொடுத்தார்கள். "கொஞ்சம் மூக்கை உறிஞ்சு பிள்ளை, அப்பதான் நம்புவினம்" என்று சொன்னது பெற்ற தாய், நான் என் காதால் கேட்டேன். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவில் இருந்த மற்றவர்களும் காலையில் வந்து நின்றார்கள். அவளைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள், உரலும் உலக்கையும் வாங்குவது போல. பிள்ளையும் நாளாக நாளாக அதில் ருசி கண்டுவிட்டாள். யாருக்கு எந்த அழுகை பொருந்தும் என்று அவளே முடிவு செய்தாள். மாமியாருக்கு ஒரு அழுகை, தமையனுக்கு ஒரு அழுகை. பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் குசினிக்குள் போகவே மனம் வராது. தேத்தண்ணி இல்லாமலே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

இன்னொரு அருவருப்பையும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் ஊரில் உண்மையாகவே சனம் செத்துக்கொண்டிருந்தது. ஷெல்லடி, இடப்பெயர்வு, மருந்தில்லாத ஆஸ்பத்திரி. செய்தி கொழும்பு வழியாகச் சுற்றி, வந்து சேரும்போது பழசாகியிருக்கும். அப்படி ஒரு நாள் பிள்ளையின் தகப்பனுக்குச் செய்தி வந்தது. அவரின் தகப்பன் போய்விட்டார். அவர் துறைமுகப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர், வாய் பேசாத மனிதர், மைத்துனர் கீறிய கோட்டைத் தாண்டாதவர். செய்தி கேட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். தலைக்குத் தோய்ந்துவிட்டுத் துடக்கோடு வீட்டில் இருக்க வேண்டிய நாள். ஆனால் அவரின் தகப்பனை ஏற்கெனவே கடைக்காரனிடம் கொன்றாயிற்று, கத்தானியாக் கலியாணத்துக்காக. ஒரு ஆளுக்கு இரண்டு தரம் தகப்பன் சாக முடியாதே.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்பப்பாவின்ரை தம்பி எண்டு சொல்லட்டே அப்பா? அவர் இன்னும் இருக்கிறார்தானே?"

உதவி செய்கிற முகத்தோடுதான் கேட்டாள். அழுகைக்காக ரிசீவரையும் கையில் எடுத்திருந்தாள். தகப்பன் சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று முழுக்க அவர் கோப்பை கழுவினார். அவரின் தகப்பனுக்காகப் பலேர்மோவில் யாரும் அழவில்லை, அழுகிறவளை வேறு ஆட்களுக்குச் செலவழித்துவிட்டோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகாவது நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். அண்ணை சொன்ன ஒரே விஷயம், இனிமேல் சொந்தத் தகப்பன் தாயைத் தொடாமல் தூரத்துச் சொந்தங்களாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அடுத்த வசந்தகாலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் குரல். நான் என் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குசினிப் பக்கம் வழக்கமில்லாத ஆரவாரமாக இருக்கவே போய் எட்டிப் பார்த்தேன்.

பிள்ளையின் ஆசிரியை வந்திருந்தாள். கூடவே வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய். இருவரும் கறுப்பு உடுப்பு. மேசையில் ஒரு பெரிய தட்டம் நிறைய ஓவனில் சுட்ட மக்ரோனி, துணியால் சுற்றிக் கட்டிய பானையில் இறைச்சி ரசம், பாண், ஒரு பைக்கற் கோப்பித்தூள், ஒரு பைக்கற் சீனி. ஆசிரியை பிள்ளையின் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினாள். ஆசிரியையின் கண்ணெல்லாம் ஈரம். தாய், இத்தாலிக்காரர் அப்படித்தான் கொஞ்சுவார்கள் என்ற நினைப்பில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு "கிராட்சியே, கிராட்சியே" என்றாள். அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ரீச்சர் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறா அக்கா," என்று தாய் பூரித்துப்போய் என்னிடம் சொன்னாள். "பிள்ளை வகுப்பிலை நல்லாச் செய்திருக்கிறாளாம். அவள்தான் சொன்னவள்."

எனக்கு அந்தக் கோப்பித்தூளையும் சீனியையும் கண்டதும் விளங்கிவிட்டது. சிசிலிக்காரருக்கும் எங்களைப் போலத்தான், செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலவர் சமைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். என் கிழவியின் தங்கை இறந்தபோது கிழவி வீட்டுக்கும் இதே போலத்தான் வந்தது. துணி சுற்றிய பானை, கோப்பித்தூள், சீனி. வெறும் விருந்தாக வருகிறவர்கள் கேக் கொண்டுவருவார்கள், ரசம் கொண்டுவரமாட்டார்கள். ஆர் செத்தது என்று நான் கேட்கவே தேவை இருக்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது.

ஆசிரியைக்கு நான் வாய் திறந்ததும் பெரிய நிம்மதி. இத்தாலியன் தெரிந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்டாள், இந்தச் சின்னம்மா எவ்வளவு தைரியமான பெண், அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்திருக்கிறாளே, பாவம் அந்தத் தாய் தவறியது எப்படி, நீண்ட நாள் வருத்தமாக இருந்ததா என்று. 'செத்துப் போனாள்' என்ற சொல்லை அவள் பாவிக்கவில்லை. படித்த வீடுகளில் சாவுக்கென்று வைத்திருக்கும் மெதுவான சொல்லைப் பாவித்தாள். குசினி இத்தாலியனில் அந்தச் சொல் கிடையாது. அதனால் தாய் எங்களுக்கு நடுவில் நின்று சிரித்தபடியே ஒரு கரண்டி மக்ரோனியை அள்ளி வாயில் போட்டாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளையின் கண் என்னிடம் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் தன் செத்தவீட்டுச் சோற்றைத் தானே ருசி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

"சிஞ்ஞோரா," என்றேன், "நீங்கள் இப்போது கட்டிப் பிடித்தது இந்தப் பிள்ளையின் தாயைத்தான். சின்னம்மா என்று இந்த வீட்டில் யாரும் இல்லை."

ஆசிரியை கத்தவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கூட வந்தவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். ஆசிரியை சொன்னாள், இந்தப் பிள்ளையின் தாயைப் பார்க்க வேண்டும் என்று போன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் தாய்க்குக் காய்ச்சல் என்று சொன்னாள், கடைசியாகப் போன கிழமை தாயே இல்லை என்றாள், அழுதாள், வகுப்பு முழுக்க அவளோடு சேர்ந்து அழுதது. அப்படி அழுகிற பிள்ளையை எப்படி நம்பாமல் இருப்பது என்று என்னிடமே கேட்டாள். அந்த அழுகை எங்கே பழகியது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போகும்போது அவள் தெளிவாக ஒன்றைச் சொன்னாள். திங்கட்கிழமை காலை தாய் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். தாய் வந்தால் தனக்கும் தாய்க்கும் இடையில் பேசி முடித்துக்கொள்ளலாம். வராவிட்டால் அதிபரிடம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை, அதிபர் சமூகசேவை அலுவலரைக் கூப்பிடுவார், அவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், பிள்ளையை எங்கே வளர்ப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நான் அதை வரி வரியாகத் தாய்க்குச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குசினித் தொட்டிக்கு ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டுச் சத்தி எடுத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தலைக்குத் தோய்ந்தாள். தன் சாவுக்குத் தானே தோய்ந்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு பிள்ளையைத் தும்புத்தடியால் அடித்தாள். நான் குறுக்கே போய்த் தடியைப் பிடித்தேன், எனக்கும் முழங்கையில் ஒன்று விழுந்தது.

அன்று மாலை தீர்ப்புச் சொல்ல அண்ணை உட்கார்ந்தார். இத்தாலிக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்த சேர்க்கை என்றார். ரிவி பார்க்கிற பழக்கம் என்றார். இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பயம், பக்தி, உறவு ஒன்றும் கிடையாது என்றார். பெற்ற தாயைச் செத்துப்போனாள் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு நாக்கு எப்படி வந்தது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தட்டத்தைத் தன் பக்கம் இழுத்து மிச்சமிருந்த மக்ரோனியைச் சாப்பிட்டார். "சாப்பாட்டை எறியக் கூடாது. நல்ல சீஸ் போட்டிருக்கினம்" என்றார். அவர் தாடையில் எண்ணெய் வழிந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

"அண்ணை," என்றேன், "இந்த நாட்டிலை அவளுக்குப் பொய் சொல்லக் குடுத்துப் பழக்கினது ஆர்?"

"அது வேறை, இது வேறை. அது வேலைக்காகச் சொல்லுறது. பொய் எண்டு அதைச் சொல்லேலாது."

"அது பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிய வேணும். இவ்வளவு வயசாச்சுது, இது தெரிய வேண்டாமோ?"

தகப்பன் மூலையில் இருந்தார். சாப்பிடவில்லை.

நான் பிள்ளையைத் தேடிப் போனேன். பல்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. இந்த முறை உண்மையாகவே அழுதிருந்தாள், அதனால் சத்தமே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ரீச்சர் ஒவ்வொரு நாளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா எண்டவ, அன்ரி. அம்மாவுக்கு எங்கை நேரம்? காய்ச்சல் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? செத்தவீடு எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு மாமாதானே சொன்னவர்."

"அதுக்கு அம்மாவையோ சொல்லுறது? வேறை ஆரும் கிடைக்கேல்லையே உனக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், இவ்வளவு தெரியாத ஆளா என்பது போல. "அப்பப்பா, பெரியப்பா, மாமி எல்லாரையும் முடிச்சாச்சு அன்ரி. அம்மாதான் மிச்சம்."

பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏதோ நோய் வந்து தொற்றுவதைப் போலப் பேசுவார்கள். கூடாத சேர்க்கை, கூடாத காற்று, கூடாத நாடு. நான் பக்கத்து அறையில் இருந்து பார்த்தேன். சோறு ஊட்டுவதைப் போலத்தான் ஊட்டினார்கள், ஒவ்வொரு வாயாக, பாராட்டிப் பாராட்டி. அவள் நல்ல பிள்ளையாக இருந்தபடியால்தான் அவ்வளவு நன்றாகப் படித்தாள். கீழ்ப்படியாத பிள்ளை என்றால் தப்பியிருப்பாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், குகைக்கோயிலில் இருக்கும் ஊர்க் காவல் புனிதை சாந்தா ரோசலியாவுக்கு முன்னால் சத்தியம் செய்விப்பது என்று அண்ணை முடிவெடுத்தார். பலேர்மோவில் எங்கள் சனத்துக்கு அந்த அம்மனும் ஒரு அம்மன்தான். வெறுங்காலோடு நடந்து ஏறுவோம், நேர்த்தி வைப்போம், கற்பூரம் கொளுத்த விடாத குறையை மெழுகுதிரியால் தீர்ப்போம். தாய் என்னையும் வரச்சொல்லிக் கேட்டாள். "நீங்களும் வாங்கோ அக்கா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள்தான் துணைக்கு வர வேணும்" என்றாள். அவள் முகம் ஒரு நாளில் வற்றிப் போயிருந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவளை இரவு முழுக்கத் தூங்க விடவில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது உண்மையான பயம். நான் வாறன் என்று சொன்னேன்.

குகைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் பொன்னுடுப்போடு படுத்திருக்கும் சிலைக்கு முன்னால் பிள்ளையை முழங்காலில் இருத்தினார்கள். "இனி ஒரு நாளும் பொய் சொல்ல மாட்டன்" என்று அண்ணை சொல்லிக் கொடுக்க, அவள் திருப்பிச் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லையே. பெரியவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கள் சத்தியம் பண்ணேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோதுதான் தாய்க்கு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை அவளுக்கு வேலை. பள்ளிக்கூடம் போவதென்றால் லீவு வேண்டும். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. நான் தொலைபேசிக் கார்ட்டை எடுத்தேன்.

"இலக்கத்தைத் தாங்கோ, நான் கதைக்கிறன். பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்துக்குப் போக வேணும் எண்டு உள்ளதைச் சொல்லுவம்."

"உள்ளதைச் சொன்னால் ஆர் லீவு தருவினம்?" என்றார் அண்ணை. "நீர் கதைச்சால் உண்மையைச் சொல்லிக் கெடுத்துப் போடுவீர். பிள்ளை கதைக்கட்டும். அவளின்ரை குரல் அந்த மனுசிக்குப் பழக்கம்."

"இப்பதானே சத்தியம் பண்ண வைச்சனீங்கள்."

அண்ணை ஒரு கணம் யோசித்தார். பிறகு பெரிய மனதோடு ஒரு சலுகை கொடுத்தார். "சரி, செத்தவீடு வேண்டாம். காய்ச்சல் எண்டு மட்டும் சொல்லட்டும். காய்ச்சல் எல்லாருக்கும் வாறதுதானே." என் கையிலிருந்த கார்ட்டை வாங்கிப் போட்டு, இலக்கத்தை அழுத்தி, ரிசீவரைப் பிள்ளையின் கையில் வைத்தார். தாய் அவளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "அம்மாவுக்குக் காய்ச்சல், நாளைக்கு வரமாட்டா எண்டு சொல்லு குஞ்சு" என்றாள். முதல்நாள் தும்புத்தடி பிடித்த கை அது. வீங்கிய கன்னத்தில் படாமல் கவனமாக ஒதுக்கினாள்.

பிள்ளை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். தகப்பன் பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மறுமுனையில் சிஞ்ஞோரா எடுத்திருக்க வேண்டும், பிள்ளை பேசத் தொடங்கினாள். மூக்கை உறிஞ்சவில்லை. விம்மவில்லை. மன்னிக்க வேண்டும் சிஞ்ஞோரா என்று மிக மரியாதையாகத் தொடங்கி, அம்மா நேற்றுத் தவறிவிட்டா என்று சொன்னாள். ஆசிரியையிடம் கேட்டுப் பழகிய அந்த மெதுவான சொல். நான் ஒருத்திதான் அங்கே அதை விளங்கிக்கொண்டு நின்றேன். அவளும் அதைத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

நான் ரிசீவரைப் பறித்துக் காதில் வைத்தேன். துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைக்கச் சொல்கிற அந்தச் சிஞ்ஞோரா அழுதுகொண்டிருந்தாள். தான் வைத்த அந்தப் பொய்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மூச்சு இழுத்து இழுத்து, உண்மையாகவே அழுதாள். ரிசீவரைக் காதிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தாய் என் தோளுக்குப் பக்கத்தால் எட்டி, "என்னவாம் பிள்ளை? லீவு தந்தாவோ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா," என்றாள் பிள்ளை. "இனி ஒரு நாளும் கேக்கத் தேவையில்லை."

தாய் குனிந்து அவளின் நெற்றியில் கொஞ்சினாள். "என்ரை கெட்டிக்காரி" என்றாள்.